டைனோசருக்குச் சேணம் கட்டுவது எப்படி?

(பத்தாம் வகுப்பு மாணவி)



குதிரைக்குச் சேணம் கட்டுவார்கள். ஒட்டகத்துக்கும் கட்டுவார்கள். யானையின் முதுகில் அம்பாரி வைப்பார்கள். ஆனால் டைனோசருக்குச் சேணம் கட்டியவர் யாரேனும் உண்டா? இல்லை, இருக்கவும் முடியாது. பறவைகள் நீங்கலாக டைனோசர்கள் யாவும் ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டன. அவற்றோடு ஒப்பிட்டால் மனிதன் நேற்றுப் பிறந்தவன். ஆயினும், சென்ற கோடை விடுமுறையில் நான் ஒரு டைனோசருக்குச் சேணம் கட்டினேன். எங்கே என்கிறீர்களா? கணிப்பொறித் திரையில்தான்! அதை எவ்வாறு செய்வது என்பதையும், அதற்கு முன் நான் செய்த ஒரு தவற்றையும் இக்கட்டுரையில் கூற விரும்புகிறேன்.

இது என்ன விளையாட்டு?

விளையாட்டு என்றதும் பெற்றோர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். என் அம்மாவும் முதலில் அப்படித்தான் இருந்தார்கள். ஆகவே அதை முதலில் விளக்கிவிடுகிறேன்.

நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். அவர்களில் ஒருவர் கதை சொல்பவர். மற்றவர்கள் ஒவ்வொருவரும் கதையில் ஒரு பாத்திரத்தை ஏற்கிறார்கள். "ஆற்றங்கரைக்கு வந்துவிட்டீர்கள். பாலம் உடைந்து கிடக்கிறது. என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கதை சொல்பவர் கேட்பார். ஒருவர் நீந்துவேன் என்பார். ஒருவர் மரத்தை வெட்டிப் பாலம் போடுவேன் என்பார். அது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை உருட்டிப் பார்த்து முடிவு செய்வார்கள். பாட்டி சொல்லும் கதையையும் நாடகத்தையும் தாயக்கட்டையையும் ஒன்றாகச் சேர்த்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். இவ்வகையில் முதன்முதலாக விற்பனைக்கு வந்து பெயர்பெற்ற விளையாட்டு, 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆகும்.

கதையில் வரும் வீரர்களுக்கு ஏறிச் செல்ல ஒரு விலங்கு வேண்டுமல்லவா? குதிரை எல்லாருக்கும் தெரிந்ததே. ஆனால் கற்பனை உலகில் குதிரையோடு நின்றுவிட வேண்டும் என்று யார் சொன்னது? 1992-இல் ஜேம்ஸ் கர்னி என்ற ஓவியர் 'டைனோடோப்பியா' என்ற நூலை வெளியிட்டார். ஒரு தீவில் மனிதரும் டைனோசர்களும் கூடி வாழ்வதாக அதில் வரைந்து காட்டினார். 2004-இல் கீத் பேக்கர் என்பவர் படைத்த 'எபரான்' என்ற விளையாட்டு உலகம் வெளிவந்தது. அதில் பரந்த புல்வெளியில் வாழும் குள்ள மனிதர்கள் டைனோசர்கள் மீதேறிச் செல்வார்கள்.

2014-இல் வந்த விளையாட்டு விதிநூலில் இதற்கென்று ஒரு விதியும் உண்டு. ஏறுபவரைவிட விலங்கு ஒரு படியாவது பெரிய அளவினதாக இருக்க வேண்டும். அதன் உடலமைப்பும் ஏறிச் செல்வதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். உடலமைப்பு ஏற்றதா என்பதை விளையாடுபவர்களுக்குக் கண்ணால் காட்ட வேண்டியவர் யார்? ஓவியர்தான்!

நான் செய்த தவறு

கல்லூரியில் படிக்கும் என் பெரியப்பா மகன் தன் நண்பர்களோடு வாரந்தோறும் இவ்விளையாட்டை ஆடுவார். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவர், "பாப்பா, நீதான் நல்லா வரைவியே. என் வீரன் ஏறிப்போக ஒரு டைனோசர் வரைஞ்சு தாயேன்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உடனே சரி என்றேன்.

இரண்டு நாள் முயன்றேன். வரவில்லை. மூன்றாம் நாள், இணையத்தில் ஒரு வெளிநாட்டு ஓவியரின் படத்தைக் கண்டேன். கணிப்பொறியில் ஒரு படத்தின் மேல் கண்ணாடித் தாள் போன்ற ஒன்றை விரித்து, கோடுகளை அப்படியே பின்பற்றி வரைவது மிக எளிது. நானும் அப்படியே வரைந்தேன். பச்சை நிறத்தைச் செந்நிறமாக மாற்றினேன். மூலையில் என் பெயரையும் எழுதினேன்.

அண்ணன் மகிழ்ந்து போனார். ஆனால் அடுத்த வாரமே அவருடைய நண்பர் ஒருவர் அந்த மூலப்படத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அண்ணன் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "இது உன் கை இல்லையே பாப்பா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் அன்றோடு மறந்திருப்பேன். அந்தச் சொல்லை என்னால் மறக்க முடியவில்லை. படத்தை அழித்துவிட்டு, அண்ணனின் உதவியோடு அந்த ஓவியருக்கு மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். பிறகு, "நானே வரைகிறேன், ஒரு மாதம் பொறுங்கள்" என்று அண்ணனிடம் கேட்டுக்கொண்டேன்.

முதலில் எலும்பு

எந்த டைனோசரை வரைவது? திரைப்படத்தில் வரும் வெலாசிராப்டர்தான் எல்லார் நினைவுக்கும் வரும். ஆனால் உண்மையான வெலாசிராப்டர் ஒரு வான்கோழி அளவே இருந்தது. அதன் முன்கை எலும்பில் இறகுகள் பதிந்திருந்த முடிச்சுகளை 2007-இல் கண்டறிந்தார்கள். அதன் மேல் நாம் ஏறினால் பாவம், அது என்ன ஆகும்? ஸ்டெகோசாரஸின் முதுகிலோ வரிசையாகத் தட்டுகள் நிற்கின்றன. அங்கே உட்கார இடமில்லை.

இறுதியில் நம் நாட்டு டைனோசர் ஒன்றையே தேர்ந்தெடுத்தேன். அதன் பெயர் ராஜசாரஸ் நர்மதென்சிஸ். 'நர்மதையின் அரசப் பல்லி' என்பது பொருள். குஜராத்தில் ராகியோலி என்ற ஊருக்கு அருகில் 1980-களின் தொடக்கத்தில் எலும்புகள் கிடைத்தன. இந்திய, அமெரிக்க அறிஞர்கள் 2003-இல் பெயர் சூட்டினார்கள். ஏறத்தாழ 6.6 மீட்டர், அதாவது 22 அடி நீளம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இரண்டு கால்களால் நடக்கும் ஊனுண்ணி. நெற்றியில் மழுங்கிய ஒரு கொம்பு.

முழு எலும்புக்கூடு கிடைக்கவில்லை. மண்டையோட்டின் ஒரு பகுதி, முதுகெலும்பு, இடுப்பு, பின்னங்கால், வால் ஆகியவற்றின் பகுதிகளே கிடைத்துள்ளன. மீதியை எப்படி வரைவது? உறவினரைப் பார்த்துத்தான்! அர்ஜென்டினாவில் கிடைத்த கார்னோட்டாரஸ் இதற்கு உறவு. அதன் தோலின் பதிவுகளும் கல்லில் கிடைத்துள்ளன. அவற்றில் செதில்களே உண்டு, இறகு இல்லை. அதன் கைகளோ மிக மிகச் சிறியவை. ஆகவே என் ராஜசாரஸுக்கும் செதில் தோலும் குட்டிக் கைகளும் கொடுத்தேன். நான் முன்பு திருடிய படத்தில் நீண்ட கைகள் இருந்தன என்பதை அப்போதுதான் கவனித்தேன்!

பெரிய அறிஞர்களும் இதில் தவறியிருக்கிறார்கள். 1854-இல் இலண்டன் பூங்கா ஒன்றில் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் என்ற சிற்பி டைனோசர் சிலைகளை அமைத்தார். அவற்றுள் இகுவானடான் சிலைக்கு மூக்கின் மேல் ஒரு கொம்பு உண்டு. 1878-இல் பெல்ஜியம் நாட்டுச் சுரங்கம் ஒன்றில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்தபோதுதான், அது கொம்பு அன்று, கட்டைவிரல் முள் என்று உறுதியாகத் தெரிந்தது! ஆயினும் அச்சிற்பி அன்று தெரிந்ததைக் கொண்டு நேர்மையாகச் செய்தார். அவர் செய்தது தெரியாமல் நேர்ந்த தவறு. நான் செய்ததோ தெரிந்தே செய்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது.

கோழி கற்பித்த பாடம்

பறவைகள் டைனோசர்களின் வழிவந்தவை அல்லவா? எனவே வீட்டுக் கோழிகளின் பின்னால் வரைதாளும் பென்சிலுமாக ஒரு வாரம் அலைந்தேன். கோழியின் முழங்கால் பின்பக்கமாக மடங்குகிறது என்று நினைத்திருந்தேன். அது முழங்கால் அன்று, கணுக்கால்! உண்மையான முழங்கால் மேலே இறகுகளுக்குள் மறைந்திருக்கிறது. கோழி பாதம் பதித்து நடப்பதில்லை, விரல்களால் நடக்கிறது. டைனோசரும் அப்படித்தான்.

ஆனால் கோழியை அப்படியே பெரிதாக்கினால் டைனோசர் ஆகிவிடாது. கோழிக்கு நீண்ட கனமான வால் இல்லை. அதனால் அதன் தொடை முன்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. 2014-இல் சிலி நாட்டு ஆய்வாளர்கள் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார்கள். குஞ்சுப் பருவத்திலிருந்தே கோழிகளுக்குக் கனமான செயற்கை வாலைப் பொருத்தி வளர்த்தார்கள். அக்கோழிகளின் தொடை கூடுதலாக நிமிர்ந்தது. டைனோசர்கள் நடந்திருக்கக்கூடிய விதத்தில் அவை நடந்தன! இதைப் படித்தபின் நானும் தொடையை நிமிர்த்தி வரைந்தேன்.

சேணம் எங்கே வைப்பது?

இரண்டு கால் டைனோசர் ஒரு சீசா பலகை போன்றது. நடுவில் இடுப்பு, முன்னே தலையும் மார்பும், பின்னே வால். இரு பக்கமும் சமன்பட்டு நிற்கிறது. கழுத்தில் ஒருவர் ஏறி உட்கார்ந்தால் பலகை முன்பக்கம் சாய்வது போல விலங்கும் முன்னே சாயும். யானைப் பாகன் கழுத்தில் அமர்வது நான்கு கால் யானைக்குத்தான் பொருந்தும். ஆகவே சேணத்தை இடுப்புக்குச் சற்று முன்னால் வைத்தேன்.

வரைந்ததை என் தாத்தாவிடம் காட்டினேன். அவர் இளமையில் மாட்டுவண்டி ஓட்டியவர். டைனோசர் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பின் கேட்டார்: "ஏம்மா, நெஞ்சுல இந்த வாரை இப்படி இறுக்கிக் கட்டியிருக்கியே, இது எப்படி மூச்சு விடும்? இந்தப் பெரிய காலைத் தூக்கி வைக்கிறப்ப உன் ஆளோட கால்ல இடிக்காதா? நுகத்தடி உரசிக் கழுத்துல புண்ணு வந்த மாட்டை நீ பார்த்ததில்லை. அது வலின்னு சொல்லாது, நின்னுடும். சுமக்கிறவன் சொல்லமாட்டான், நாமதான் பார்க்கணும்."

தாத்தா சொன்னதைக் கேட்டு எல்லாவற்றையும் மாற்றினேன். சேணத்தின் அடியில் தடித்த மெத்தை வைத்தேன். அது முதுகெலும்பின் மேல் படாமல் இருபுறமும் விலா எலும்புகளில் தங்குமாறு நடுவில் பள்ளம் விட்டேன். ஒரே வாரை இறுக்குவதற்குப் பதிலாக அகலமான இரண்டு வார்கள் போட்டேன். அங்கவடியைச் சுருக்கி, வீரனின் கால் விலங்கின் தொடைக்கு முன்னால் இருக்குமாறு உயர்த்தினேன். குதிரைக்கு வாலின் அடியில் ஒரு வார் போடுவதுண்டு. சேணம் முன்னே நழுவாமலிருக்க. அதை அறவே நீக்கினேன். ஏனெனில் இவ்வகை டைனோசர்களுக்குத் தொடையைப் பின்னுக்கு இழுக்கும் பெருந்தசை வாலின் அடியிலிருந்துதான் வருகிறது. அங்கே கட்டினால் ஒவ்வோர் அடிக்கும் அது வாரை நெருக்கும். வாரும் அதை உரசும்.

நமது தமிழ்நாட்டு டைனோசரை வரைய விரும்பும் தோழியருக்கும் ஒரு குறிப்பு. இன்றைய அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளுக்கு 1987-இல் பிருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். மிகப்பெரிய உடல் கொண்டது என்று கருதப்படுவது. அத்தகைய அகன்ற முதுகில் குதிரையில் போலக் காலை விரித்து உட்கார இயலாது. அதற்கு அம்பாரிதான் ஏற்றது!

கணிப்பொறியில் வரையும் முறை

அப்பாவின் பழைய மடிக்கணினியும், பேனா கொண்டு எழுதும் பலகை ஒன்றுமே என் கருவிகள். 'கிரிட்டா' என்ற வரைகலை மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. நான் கடைப்பிடித்த முறையை வரிசையாகக் கூறுகிறேன்.

1. முதலில் கறுப்பு நிழலுருவமாகச் சிறிய படங்கள் பத்து வரைய வேண்டும். தீப்பெட்டி அளவில் பார்த்தாலும் இது விலங்கு, இது வீரன், இது வால் என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நிற்கும் நிலையை மாற்ற வேண்டும்.

2. கணிப்பொறியில் படத்தைப் பல அடுக்குகளாக வரையலாம். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியது போல. அடியில் எலும்பு, அதன்மேல் தசை, அதன்மேல் தோல், பிறகு சேணம், எல்லாவற்றுக்கும் மேலே வீரன். சேணத்தைத் தனி அடுக்கில் வைத்ததால்தான், தாத்தா குறை சொன்னபோது விலங்கைத் தொடாமல் வாரை மட்டும் அழித்து வரைய முடிந்தது. நான் முன்பு பிறர் படத்தைத் திருடப் பயன்பட்டதும் இதே அடுக்குதான். கருவியின் மேல் குற்றமில்லை.

3. அடிக்கடி படத்தைக் கண்ணாடியில் தெரிவது போல இடவலமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குப் பழகிப்போன கோணல்கள் உடனே வெளிப்படும்.

4. ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். நான் களிமண்ணில் ஒரு சிறு ராஜசாரஸ் செய்து சன்னலோரம் வைத்து நிழலைப் பார்த்தேன். ஜேம்ஸ் கர்னியும் சிறு உருவங்கள் செய்து பார்த்து வரைபவரே.

5. எடையைக் காட்ட வேண்டும். சேணத்தின் அடியில் கருநிழல் இல்லாவிட்டால் அது முதுகில் இருப்பதாகத் தோன்றாது, மிதக்கும். வார் இறுகும் இடத்தில் தோல் சற்றுப் பிதுங்க வேண்டும். மண்ணில் விரல்கள் பதிய வேண்டும்.

6. நிறத்தைக் கடைசியில் சேர்க்க வேண்டும். சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற சிறு டைனோசரின் வாலில் செம்பழுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் இருந்ததை 2010-இல் இறகின் நுண்துகள்களைக் கொண்டு அறிந்தார்கள். ராஜசாரஸின் நிறம் அவ்வாறு அறியப்படவில்லை. ஆகவே இங்கே மட்டும் கற்பனைக்கு முழு உரிமை உண்டு! நான் கரிசல் மண்ணின் கருமையும் கழுத்தில் மஞ்சள் கோடுகளும் கொடுத்தேன்.

7. அச்சிடுவதானால் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். 10 அங்குலப் படத்துக்கு 3,000 புள்ளிகள். பிறகு பெரிதாக்கினால் படம் மங்கும். ஆகவே தொடக்கத்திலேயே பெரிதாக எடுத்துக்கொள்வது நல்லது.

விளையாட்டு மேசையில் வைக்க மேலிருந்து பார்ப்பது போன்ற சிறு படமும் வேண்டும். அங்கே ஒரு கட்டம் 5 அடிக்குச் சமம். அண்ணனின் விலங்குக்குக் கதை சொல்பவர் அளித்தது நான்கு கட்டம். அதாவது 10 அடிக்கு 10 அடி. 22 அடி விலங்கை அதில் எப்படி அடைப்பது? வாலைப் பக்கவாட்டில் வளைத்து, தலையையும் திருப்பி, யாரோ கூப்பிட்டதும் திரும்பிப் பார்ப்பது போல வரைந்துவிட்டேன். இடமில்லாக் குறையே ஓர் அழகாயிற்று.

முடிவாக

இன்று நாலு சொல் தட்டினால் படம் தரும் இயந்திரங்களும் வந்துவிட்டன. நானும் ஒன்றைக் கேட்டுப் பார்த்தேன். பளபளப்பான படம் வந்தது. ஆனால் அதில் ஒரு வார் முதுகில் தொடங்கி எங்கும் போய்ச் சேராமல் நின்றது. அந்த இயந்திரத்துக்கு ஒரு தாத்தா இல்லையே!

தோழியரே, கற்பனை என்றால் மனம்போனபடி வரைவது என்று எண்ணியிருந்தேன். அப்படியன்று. எலும்பு எங்கே மடங்கும், எடை எங்கே விழும், வார் எங்கே உரசும் என்று உள்ளதை எல்லாம் அறிந்துகொண்ட பிறகு, இல்லாததைத் துணிந்து சேர்ப்பதே கற்பனை. சுமக்கின்ற உயிரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்க்காமல் சேணம் வரைய முடியாது; அவ்வுயிர் வெறும் படமாகவே இருந்தாலும்.

என் படம் குறையற்றது அன்று. இடது கால் விரல்கள் இன்னும் சற்று நீளமாகவே இருக்கின்றன. அந்த வெளிநாட்டு ஓவியரிடமிருந்து பதில் வரவில்லை. ஆனால் படத்தை அனுப்பிய அன்று இரவே அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். நண்பர்கள் எல்லாரும் பார்த்தார்களாம். "கால் விரல் கொஞ்சம் நீளம்தான் பாப்பா. ஆனா இது உன் கைதான்" என்றார்.

இம்முறை மூலையில் என் பெயரை எழுதியபோது கை நடுங்கவில்லை.